தட்டுவடை செட்டை விடாமல் எடை குறைக்க ஒரு வழி

நான் டாக்டரும் இல்லை, டயட்டீஷியனும் இல்லை. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பருப்பு மண்டியில் காலை 9:30 மணிக்கு உட்கார்ந்தால் ராத்திரி 7 மணி வரை பில் போடுகிறவள். வயது 42, உயரம் 155 செ.மீ. பதினான்கு மாதத்துக்கு முன்னால் 74 கிலோ, இன்றைக்கு 64. மாதம் ஒரு கிலோகூட இறங்கவில்லையே என்று சிலர் கேட்கிறார்கள். ஆமாம், இறங்கவில்லைதான். அதற்கு முன்னால் ஒரு தடவை ஆறே வாரத்தில் 4 கிலோ குறைத்தேன், இரண்டு வேளை சாப்பாட்டுக்குப் பதிலாக ஏதோ பவுடரைக் கரைத்துக் குடித்து. பெயர் எதற்கு, விடுங்கள். டப்பா தீர்ந்தது, பழையபடி சோறு சாப்பிட ஆரம்பித்தேன், மூன்றாம் மாதம் 5 கிலோ ஏறிவிட்டது. அந்தக் காசுக்கு வீட்டுக்கு ஒரு நல்ல மிக்ஸி வந்திருக்கும்.

இரண்டாம் முறை புதுச் சாப்பாடு எதையும் தேடிப் போகவில்லை. வீட்டில் என்ன சமைக்கிறோமோ, தெருவில் என்ன வாங்கித் தின்கிறோமோ, அதே சாப்பாடுதான். அளவை மட்டும் மாற்றினேன். நம்ம ஊர்ச் சாப்பாட்டை வைத்துக்கொண்டு அதை எப்படிச் செய்வது என்று இதுவரை ஆரம்பிக்காதவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் ஒரு டெய்லர் டேப்

தராசுக்கு முன்னால் இஞ்ச் டேப்பை எடுங்கள். மூச்சை இழுத்துப் பிடிக்காமல், விலா எலும்பு முடிகிற இடத்துக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் சுற்றிப் பாருங்கள். நம் நாட்டு உடல்வாகுக்குப் பெண்கள் என்றால் 80 செ.மீ., ஆண்கள் என்றால் 90 செ.மீ. தாண்டினாலே எச்சரிக்கை. கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்னால் வருகிற நம் ஆட்களுக்குத் தராசு சொல்லாததை இந்த டேப் சொல்லிவிடும். உயரத்துக்கு எடை சரியா என்று பார்க்கிற பி.எம்.ஐ. கணக்கிலும் நமக்கு அளவு வேறு. எடையை, மீட்டரில் உயரத்தை அதே உயரத்தால் பெருக்கி வருகிற எண்ணால் வகுத்தால், வெளிநாட்டுக் கணக்கில் 25-க்கு மேல் அதிக எடை, 30-க்கு மேல் உடல் பருமன். இந்தியர்களுக்கு அதுவே 23, 25 என்று வைக்கிறார்கள். எனக்கு அப்போது 30.8, இப்போது 26.6. அதாவது இன்னும் நான் பாஸ் ஆகவில்லை. ஆனால் இருக்கிற எடையில் 5 சதவீதம் குறைந்தாலே சர்க்கரை, பிரஷர் எல்லாம் கொஞ்சம் கட்டுக்குள் வர ஆரம்பிக்கும் என்பதால் என் முதல் இலக்கு வெறும் 4 கிலோதான். உங்களுக்கும் அதையே சொல்வேன்.

ஒரே ஒரு எச்சரிக்கை. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மாத்திரை அளவை அப்படியே வைத்துக்கொண்டு சோற்றைக் குறைத்தால் சர்க்கரை ரொம்ப இறங்கி, கை நடுங்கி வேர்த்துக் கொட்டி மயக்கம் வரலாம். டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கர்ப்பிணிகள், பால் கொடுக்கிறவர்கள் எடை குறைக்கிற முயற்சியே இப்போது வேண்டாம். ஒன்றுமே செய்யாமல் தானாக எடை இறங்குகிறது என்றால் அது சந்தோஷப்படுகிற விஷயம் இல்லை, போய்க் காட்டுங்கள்.

முதல் வாரம் எதையும் மாற்றாதீர்கள்

ஒரு பத்து ரூபாய் நோட்டுப் புத்தகம். வாயில் போனது எல்லாவற்றையும் எழுதுங்கள், நேரத்தோடு. வேறொன்றும் செய்ய வேண்டாம். எனக்கு முதல் இரண்டு நாள் நோட்டைப் பார்த்தால் சாமியார் சாப்பாடு மாதிரி இருந்தது, இட்லி 3, மதியம் சாதம், ராத்திரி தோசை 2. இவ்வளவு கொஞ்சம் சாப்பிட்டு எப்படி 74 கிலோ என்று எனக்கே ஆச்சரியம். மூன்றாம் நாள் ராத்திரி பாத்திரம் கழுவும்போதுதான் பிடிபட்டது. சின்னவன் அரைத் தோசையை விட்டுவிட்டு எழுந்திருந்தான், பெரியவள் தட்டில் இரண்டு வாய் சாதமும் ஒரு துண்டு அப்பளமும். சிங்க் பக்கத்தில் நின்றபடியே அதை வாயில் போட்டுக்கொண்டேன். கை தானாகப் போனது. வீணாக்கக் கூடாது என்று சொல்லியே வளர்த்திருக்கிறார்கள் அல்லவா. சட்டியில் ஒட்டிய பொரியல், உப்புப் பார்க்க ஒரு கரண்டி குழம்பு, டப்பாவில் கடைசியாகக் கிடந்த முறுக்கு, இதெல்லாம் நின்றுகொண்டே தின்பது, அதனால் சாப்பாட்டுக் கணக்கில் வருவதே இல்லை. எழுத ஆரம்பித்தால் ஒரு நாளைக்கு ஒரு முழு வேளைச் சாப்பாடு அளவுக்கு வந்தது.

தீர்வு பெரிதாக ஒன்றும் இல்லை. பிள்ளைகளுக்கு முதலில் பாதி அளவு வைப்பது, கேட்டால் இன்னும் வைப்பது. மிச்சமானால் எங்கள் தெரு நாய் ஒன்று இருக்கிறது, அது இப்போது நன்றாகத் தேறிவிட்டது.

எண்ணெய் பாக்கெட்டில் தேதி போடுங்கள்

சமைப்பது நீங்கள் என்றால் இதைவிட லாபமான வேலை கிடையாது. ஒரு லிட்டர் பாக்கெட்டைப் பிரிக்கிற அன்றைக்கு அதன் மேலேயே பேனாவால் தேதி எழுதுங்கள். தீர்ந்த அன்றைக்கும் எழுதி, வெற்றுப் பாக்கெட்டை ஒரு ஆணியில் மாட்டிவையுங்கள். எங்கள் வீட்டில் நான்கு பேருக்கு ஒரு பாக்கெட் 6 நாள் வந்தது, அதாவது மாதம் 5 லிட்டர். சமமாகப் பிரித்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 38 கிராம். எண்ணெய் எந்த எண்ணெயானாலும், செக்கு நல்லெண்ணெயோ ரீஃபைண்டோ, கிராமுக்கு 9 கலோரி. ஆக 340 கலோரி, எண்ணெயில் மட்டும்! வெளியில் வாங்கும் பலகாரம் இதில் சேரவில்லை.

பாட்டிலைச் சாய்த்து ஊற்றுவதை நிறுத்திவிட்டு, ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் எண்ணெயை எடுத்துவைத்து டீஸ்பூனால் விட ஆரம்பித்தேன். பொரியலுக்கு நான்கு பேருக்கும் சேர்த்து மூன்று டீஸ்பூன் போதும், காய் அடிபிடிக்கும் என்றால் கொஞ்சம் தண்ணீர் தெளித்து மூடிவைக்கலாம். தோசைக்குச் சுற்றிலும் ஊற்றாமல் வெங்காயத்தைப் பாதியாக வெட்டி எண்ணெயில் தொட்டுத் தேய்ப்பது நம் பாட்டி வழக்கம்தான். முதல் வாரம் அத்தை, "குழம்புல எண்ணெயே மிதக்கலியே" என்று சொன்னார்கள். இரண்டாம் வாரமும் சொன்னார்கள். அப்புறம் விட்டுவிட்டார்கள். இப்போது ஒரு பாக்கெட் 10 நாள் வருகிறது. ஆளுக்கு 23 கிராம், ஒரு நாளைக்கு 135 கலோரி மிச்சம், யாருக்கும் ஒரு வாய் சாப்பாடு குறையவில்லை.

டிபன் பாக்ஸை மாற்றிக் கட்டுவது

மண்டியில் வேலை பார்ப்பதில் ஒரு வசதி, எலக்ட்ரானிக் தராசு எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். ஒரு நாள் யாரும் பார்க்காத நேரத்தில் என் சாப்பாட்டைத் தூக்கி வைத்துப் பார்த்தேன். சாதம் 470 கிராம். பீன்ஸ் பொரியல் 60 கிராம். வெந்த சாதம் 100 கிராமுக்கு ஏறத்தாழ 130 கலோரி என்றால் சாதமே 600 கலோரிக்கு மேல், குழம்பு ரசம் தயிர் தனி. உட்கார்ந்து பில் போடுகிற கைக்கு அவ்வளவு எதற்கு? வயல் வேலை செய்த என் அப்பா சாப்பிட்ட அளவு அது.

மறுநாள் பெரிய டப்பாவில் காயும் பருப்பும், சின்ன டப்பாவில் சாதம் என்று மாற்றிக் கட்டினேன். அவ்வளவுதான் என் 'டயட்'. சின்ன டப்பாவில் 220 கிராம் சாதம்தான் பிடிக்கும், அதற்கு மேல் அமுக்கினாலும் மூடி மூடாது. பெரிய டப்பாவில் ஒரு நாள் கீரைக் கடைசல், ஒரு நாள் தட்டைப்பயறு போட்ட கத்தரிக்காய், ஒரு நாள் பூசணிக்காய்க் கூட்டு, வாரத்தில் இரண்டு மூன்று நாள் கூடவே ஒரு அவித்த முட்டை. காய்க்கு அஸ்தம்பட்டி உழவர் சந்தைக்குக் காலையிலேயே போய்விட்டால் கீரை வாடாமல் கிடைக்கும். பருப்பையும் பயறையும் கூட்டுவது ஏன் என்றால், சாதமும் ரசமும் மட்டும் சாப்பிட்ட வயிறு சீக்கிரம் பசிக்கிறது. புரதமும் நாரும் சேர்ந்தால் பசி தள்ளிப்போகிறது. இது எனக்கு நாலு நாளிலேயே தெரிந்தது, 4 மணிக்கு வருகிற பசி 6 மணிக்குப் போனது.

கொள்ளு பற்றிக் கேட்பீர்கள். "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்று எல்லோரும் சொல்வதுதான். கொள்ளு போய்க் கொழுப்பைக் கரைக்காது. ஆனால் 100 கிராம் கொள்ளில் 20 கிராமுக்கு மேல் புரதம், நாரும் நிறைய, கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிற்கும். கொள்ளுக் கடைசலைச் சாதத்துக்குப் பதில் கூட்டிச் சாப்பிட்டால் வேலை செய்யும், வழக்கமான சாதத்தை முழுசாகச் சாப்பிட்டுவிட்டு மேலே ஒரு டம்ளர் கொள்ளு ரசம் குடித்தால் ஒரு டம்ளர் ரசம் கூடுதலாகக் குடித்ததுதான் மிச்சம். வெறும் வயிற்றில் தேனும் எலுமிச்சையும் கலந்த வெந்நீருக்கும் இதே பதில்.

சாயங்காலம் ஐந்து மணி

சேலத்தில் எடை குறைக்கிறவர்களின் கண்டம் இந்த நேரம். தள்ளுவண்டியில் தட்டுவடையை வரிசையாகப் பரப்பி, ஒவ்வொன்றின் மேலும் சிவப்புச் சட்னி, பச்சைச் சட்னி, துருவின கேரட், பீட்ரூட், வெங்காயம் எல்லாம் வைத்து, மேலே இன்னொரு தட்டுவடையால் மூடி அமுக்கி 'செட்' என்று தருவதை ஒரு நிமிஷம் பார்த்து நின்றால் கால் நகராது. நான் முதலில் 'இனிமேல் தொடவே மாட்டேன்' என்று சபதம் போட்டேன். பதினோரு நாள் தாங்கியது. பன்னிரண்டாம் நாள் ஒரு தட்டு செட், அதற்கு மேல் ஒரு முட்டை நொறுக்கல், போதாததற்கு வீட்டுக்கும் பார்சல்.

சபதம் வேண்டாம். செவ்வாய், வெள்ளி என்று இரண்டு நாள் குறித்துக்கொண்டேன், அந்த இரண்டு நாளும் செட் உண்டு, ஒரு தட்டு, கேரட்டும் பீட்ரூட்டும் கொஞ்சம் தாராளமாகப் போடச் சொல்லி. பழகின கடை என்றால் போடுவார்கள். பொரித்த பலகாரம்தான், அதை மறைக்க முடியாது, ஆனால் நடுவில் அவ்வளவு பச்சைக் காய் வைத்துத் தருகிற தெருப் பலகாரம் வேறு எந்த ஊரில் இருக்கிறது என்று சொல்லுங்கள் (ஊர்ப் பாசம், விடுங்கள்). அன்றைக்கு ராத்திரி ஒரு தோசை கம்மி, இல்லாவிட்டால் தோசையே இல்லாமல் ஒரு கிண்ணம் சுண்டலும் மோரும். மற்ற நாளில் மேஜை டிராயரில் வறுத்த கடலை வைத்திருக்கிறேன், ஒரு கைப்பிடி மட்டும், டப்பாவை மேஜை மேல் வைத்தால் கதை முடிந்தது. வேர்க்கடலை 100 கிராமுக்கு 550 கலோரிக்கு மேல்.

டீ விஷயம் சின்னது. நாளைக்கு நான்கு டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் என்றால் சர்க்கரை மட்டும் 40 கிராம் பக்கம் வருகிறது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியில் ஒரு நாளைக்கு 25 கிராமைத் தாண்ட வேண்டாம் என்கிறார்கள். "சக்கரை கம்மி" என்று சொல்லி வாங்குங்கள், மூன்று வாரத்தில் பழைய டீ பாயசம் மாதிரித் தெரியும். நாட்டுச் சர்க்கரை, வெல்லம், பனங்கருப்பட்டி எல்லாம் கலோரிக் கணக்கில் சர்க்கரைக்கு ஏறத்தாழ அண்ணன் தம்பிதான்.

ஜவ்வரிசி விரதமும் கேழ்வரகுக் களியும்

நம் ஊரில் விரதம் என்றாலே ஜவ்வரிசி உப்புமா, ஜவ்வரிசிக் கஞ்சி. சேலம் ஜவ்வரிசி 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய பெருமை எனக்கும் உண்டு. ஆனால் 'லேசான சாப்பாடு' என்று நினைத்து எடை குறைக்க அதைச் சாப்பிடாதீர்கள். குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை அரைத்து, சக்கையை வடிகட்டிவிட்டு, மாவை மட்டும் உருட்டி எடுப்பது அது. நார் சக்கையோடு போய்விடுகிறது, புரதம் 100 கிராமுக்கு ஒரு கிராம்கூடத் தேறாது, மிச்சம் முழுக்க மாவுச்சத்து, 350 கலோரி. விரதம் சாமிக்காக இருங்கள், இடுப்புக்காக வேண்டாம்.

கேழ்வரகு, கம்பு வேறு கதை, அதிலும் ஒரு ஏமாற்று உண்டு. கேழ்வரகு மாவும் பச்சரிசியும் கலோரியில் கிட்டத்தட்ட ஒரே அளவுதான். கேழ்வரகில் நாரும் சுண்ணாம்புச் சத்தும் அதிகம், அதனால் களி கொஞ்சத்திலேயே நிறைவாக இருக்கும். அப்படி நிறைந்து அளவு குறைந்தால்தான் லாபம். மாம்பழத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சீசனில் மல்கோவாவைச் சாப்பிடாதே என்று சேலத்துக்காரரிடம் சொல்கிற தைரியம் எனக்குக் கிடையாது. 100 கிராம் பழத்துக்கு 60 கலோரிதான். பழமாக அரை மல்கோவா, சாப்பிட்டு முடித்து இரண்டு மணி நேரம் கழித்து. சர்க்கரையும் பாலும் போட்டு அடித்த ஜூஸாக வேண்டாம்.

ஏற்காட்டு மலையில் ஆரம்பிக்காதீர்கள்

நான் ஆரம்பித்தேன். இரண்டாம் வாரமே, ஞாயிற்றுக்கிழமை விடிகாலை, தம்பியைக் கூட்டிக்கொண்டு அடிவாரத்திலிருந்து மேலே நடப்பது என்று. மலைப்பாதையில் மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவு. மூன்றாவதில் மூச்சு போனது, ஐந்தாவதில் உட்கார்ந்துவிட்டேன். ஏறினது பரவாயில்லை, இறங்கும்போதுதான் முட்டி போனது, எடை கூடினவர்களுக்கு இறக்கத்தில் முட்டிமேல் விழுகிற பாரம் ரொம்ப அதிகம். அதற்கும் மேல், கீழே வந்ததும் 'இவ்வளவு நடந்தோமே' என்று சூடாக நான்கு மிளகாய் பஜ்ஜி. என் எடைக்கு ஒரு மணி நேரம் வேகமாக நடந்தாலே 250 முதல் 300 கலோரிதான் போகும், அந்த பஜ்ஜித் தட்டு அதை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடும். பத்து நாள் முட்டிக்கு ஒத்தடம்.

அதற்குப் பிறகு சாப்பிட்டு முடித்ததும் 10 நிமிஷம் நடக்க ஆரம்பித்தேன், நாளைக்கு மூன்று தடவை. மதியம் மண்டிக்குப் பின்னால் லாரி நிற்கிற சந்து, ராத்திரி எங்கள் தெரு. சாப்பிட்டவுடன் நடந்தால் ரத்தத்தில் சர்க்கரை ஏறுவதும் மட்டுப்படுகிறது. வாரத்துக்கு 150 நிமிஷம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிற கணக்கு இதிலேயே தாண்டிவிடும், கொஞ்சம் வேகமாக, பேச முடிகிற ஆனால் பாட முடியாத வேகத்தில் நடந்தால். ஏப்ரல், மே வெயிலில் காலை நடையை 7 மணிக்குள் முடித்துவிடுங்கள். மூக்கனேரி ஏரிக்கரைப் பக்கம் இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். முட்டி தேறி, 5 கிலோ இறங்கின பிறகு வாரம் இரண்டு நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, மாடிப்படி ஏறுவது என்று சேர்த்தேன். எடை குறையும்போது கொழுப்போடு தசையும் போகும், அதைக் கொஞ்சமாவது காப்பாற்ற இந்த வேலை வேண்டும்.

ராத்திரிச் சாப்பாட்டை 9:30-லிருந்து 8-க்குக் கொண்டுவந்தேன், 11 மணி சீரியலை விட்டேன். தூக்கம் குறைந்த மறுநாள் பசி இரட்டிப்பாவதை உங்கள் நோட்டே காட்டும்.

தராசு ஏமாற்றும்

வாரம் ஒரு நாள், ஒரே கிழமை, காலையில் பாத்ரூம் போய்விட்டு வந்து, ஒன்றும் சாப்பிடாமல். தினமும் ஏறாதீர்கள். முந்தின நாள் ஊறுகாயும் கருவாடும் சாப்பிட்டிருந்தால் உப்பு தண்ணீரைப் பிடித்துவைத்து மறுநாள் ஒரு கிலோ கூடக் காட்டும், பெண்களுக்கு மாதவிலக்கு நெருங்கும்போதும் அப்படித்தான். ஒரு கிலோ கொழுப்பு என்பது ஏறத்தாழ 7,700 கலோரி, அது ஒரே ராத்திரியில் ஏற முடியாது.

67 கிலோவில் இரண்டரை மாதம் அப்படியே நின்றேன். உடம்பு சின்னதானால் அதற்கு வேண்டிய சாப்பாடும் குறையும், பழைய கணக்கு செல்லாது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் ஆணியில் மாட்டின எண்ணெய் பாக்கெட்டில் இருந்தது. 10 நாள் வந்தது 9 ஆகி, 8 ஆகி, 7 ஆகியிருந்தது. ஸ்பூன் எப்போது காணாமல் போனது, மறுபடி பாட்டிலைச் சாய்க்க ஆரம்பித்தது எப்போது, யாருக்கும் தெரியாது. எடை நின்றுபோனால் புது டயட்டைத் தேடுவதற்கு முன்னால் இன்னொரு வாரம் நோட்டை எழுதுங்கள்.

சொந்தக்காரர்களுக்கும் தயாராக இருங்கள். 7 கிலோ குறைந்தபோது ஆடியில் கோட்டை மாரியம்மன் கோயிலில் பார்த்த சித்தி, கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன கண்ணு இப்படி எளைச்சுப் போயிட்டே, சுகர் கிகர் இருக்கா?" என்று கண் கலங்கினார்கள். விளக்கம் சொல்லாதீர்கள். கூழை ஒரு டம்ளர் வாங்கிக் குடித்துவிட்டு, பந்தியில் உட்கார்ந்தால் இலையில் முதலில் காயைக் கேட்டு வாங்கி அதிலிருந்து ஆரம்பியுங்கள். பரிமாறுகிறவர் சாதத்தோடு வருகிறபோது இலைமேல் கை வைத்து மறைத்தால்தான் நிற்பார், 'போதும்' என்று வாயால் சொன்னால் இன்னும் ஒரு கரண்டி விழும்.

கடைசியாக ஜாக்கெட். 4 கிலோ குறைந்ததுமே எல்லாம் தொளதொள என்று ஆகிவிடும், பிடித்துத் தைக்கக் கொடுப்பீர்கள். மொத்தமாகக் கொடுக்காதீர்கள், இரண்டு மூன்று மட்டும் கொடுங்கள், உள்ளே மடித்த துணியை வெட்ட வேண்டாம் என்று டெய்லரிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள், சொல்லாவிட்டால் வெட்டிவிடுவார்கள். எடை ஒரே இடத்தில் ஆறு மாதம் நின்ற பிறகு வெட்டிக்கொள்ளலாம். என்னுடையதில் மூன்று வரி தையல் இருக்கிறது, துணி இன்னும் உள்ளேதான் இருக்கிறது.